ஏற்காட்டுக்குச் சைக்கிளில்: இறக்கத்திலிருந்து தொடங்கும் கணக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சைக்கிளில் போகப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் முதலில் அவருடைய தொடையைத்தான் பார்ப்பார். மூச்சு தாங்குமா, முழங்கால் தாங்குமா என்பதே பேச்சாக இருக்கும். பிரேக் கட்டை எத்தனை நாள் பழையது என்று யாரும் விசாரிப்பதில்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஏற்றம் வைக்கும் சோதனை களைப்போடு முடிந்துவிடும். முடியாவிட்டால் நிற்கலாம், தள்ளிக்கொண்டு நடக்கலாம், வந்த வழியே திரும்பலாம். இறக்கத்தில் இந்தச் சலுகைகள் இல்லை. எனவே இந்தப் பயணத்தைக் கடைசியிலிருந்து திட்டமிடுவதே சரி. எந்தச் சாலையில், எத்தனை மணிக்கு, எப்படிப்பட்ட பிரேக்கோடு இறங்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்குத் தோதாக ஏறும் நாளைக் குறிக்க வேண்டும்.

ஏற்றம் அத்தனை பயங்கரம் அல்ல என்பதற்குக் கணக்கே சாட்சி. சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர் சொச்சம். முதல் பத்து கிலோமீட்டரை ஊர்ச்சாலையாகக் கழித்துவிடலாம். அடிவாரம் தாண்டியபின் வருவதுதான் மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தில் ஆயிரம் மீட்டர் அளவுக்கு உயர்கிறது. சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர். சைக்கிள் பந்தய உலகம் கொண்டாடும் பிரான்ஸின் ஆல்ப் துவெஸ் மலைச்சாலையில் 21 வளைவுகள், ஏறும் உயரமும் கிட்டத்தட்ட இதே அளவு. ஆனால் அங்கே எல்லாம் 13.8 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுவதால் சரிவு எட்டு சதவீதம். ஏற்காட்டுச் சாலை அதைவிடச் சாது. மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் இரண்டரை மணி நேரம் மிதிக்க முடிகிறவருக்கு அது வசப்படும். சிக்கல் கியரில்தான் இருக்கிறது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள வழக்கமான ஒற்றைக் கியர் சைக்கிள், பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். எட்டு கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 25 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றும் முழங்காலைப் பிழியும். முன்பல்லும் பின்பல்லும் சம எண்ணிக்கையில் அமையும் கியர் இருந்தால், அதே வேகத்துக்கு 60 சுற்றுக்கு மேல் மிதிக்கலாம், கால் லேசாக ஓடும். ஆகவே முதல் வேலை, பின்சக்கரத்தின் பெரிய பல்வட்டில் உள்ள பற்களை எண்ணுவது. பெடலோடு சுற்றும் முன் பல்வட்டுகளில் சிறியதற்கு அது சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் போதும். சைக்கிளின் விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது வேலை பிரேக். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், சுமார் இரண்டே முக்கால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கை எதிர்காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையில் சூடாக மாறும். மலை முழுக்க பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் கையால் தொட முடியாதபடி சுடும், கட்டை வழுக்கும், டியூப் வெடிக்கவும் கூடும். டிஸ்க் பிரேக் டியூபைச் சுடாது, ஆனால் தேய்ந்த பேடு அங்கேயும் கைவிடும். எனவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே புதுக் கட்டை, புது பிரேக் ஒயர் போட்டு ஊருக்குள் ஓட்டிப் பழகிவிடுங்கள். கம்பி பிரேக் போட்ட பழைய சைக்கிளுக்கு இந்த மலை வேண்டாம்.

மூன்றாவது, பாதை. மேலே போக இரண்டு வழி: அடிவாரம் வழி, குப்பனூர் வழி. ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கினால் வட்டமாகச் சுற்றி வந்த நிறைவு கிடைக்கும் என்பது பலருடைய ஆசை. வந்த வழியே திரும்புவது அலுப்பு என்றும் சொல்வார்கள். சுற்றுலாவுக்கு அது நியாயமான வாதம்தான். ஆனால் முதல் முறை போகிறவர் ஏறிய சாலையிலேயே இறங்குவதுதான் புத்தி. பிரேக் தொடாமல் விட்டால் ஐந்து சதவீதச் சரிவில் வேகம் 40 கிலோமீட்டரைத் தொடும். அந்த வேகத்தில் ஒரு சாலையை முதன்முதலாகப் பார்ப்பது, பார்க்காததற்குச் சமம். எட்டு கிலோமீட்டரில் ஏறுகிறவரோ சாலையைப் பாடம் படித்துக்கொண்டே போகிறார்: எந்த வளைவில் பாறையிலிருந்து நீர் கசிகிறது, எங்கே ஓரத்தில் ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது, பேருந்து எந்தத் திருப்பத்தில் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்கிறது. வளைவுகளுக்கு எண் இருப்பதால் குறித்துக்கொள்வதும் சுலபம். ஏழில் ஈரம், பன்னிரண்டில் ஜல்லி என்று கைப்பேசியில் நாலு வரி போதும். வண்டியில் சைக்கிளை ஏற்றிப் போய் மேலிருந்து இறங்கினால் போதாதா என்று கேட்பவருக்கும் இதுவே பதில். சுகம்தான், ஆனால் படிக்காமல் பரீட்சைக்குப் போவது அது. 2024 ஏப்ரல் கடைசியில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து ஒன்று கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்து உயிர்கள் போயின. அன்றாடம் பேருந்து ஓடும் சாலையே அப்படி என்றால், புதிதாக வருகிறவர் எவ்வளவு நிதானம் காட்ட வேண்டும்!

நாளைத் தேர்வதும் இதிலிருந்தே வருகிறது. மே மாதக் கோடை விழாச் சமயத்தில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி போக்குவரத்தை ஒருவழியாக்குவது உண்டு. அந்த நாள்களில் நம் திட்டமே செல்லாது, கார்க் கூட்டம் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரியும். தை, மாசி வார நாள்கள்தான் தோது. காலை ஆறு மணிக்குள் சேலத்தை விட்டால் பத்து மணிக்குள் மேலே நிற்கலாம். தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். சாலையோரக் குரங்குகளுக்கு அது பந்திக்குப் போட்ட இலை.

அன்றே இறங்குவதுதான் பெரிய தவறு. களைத்த கைக்கு பிரேக் பிடிக்கும் பலம் பாதிதான். ஓர் இரவு தங்கி, மறுநாளை மேலேயே செலவிடுங்கள். ஏரியிலிருந்து புறப்பட்டுத் தோட்டங்களைச் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் வளையச் சாலையை உள்ளூரில் லூப் ரோடு என்பார்கள். உண்மையில் சைக்கிளுக்கென்றே அமைந்த ஏற்காடு அதுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பி, சில்வர் ஓக் நிழலில் இருபுறமும் நிற்கும், மரத்தண்டில் மிளகுக்கொடி. நிழல் அழகுதான், ஆனால் அதன் அடியில் பனியில் நனைந்த சருகு வெயில் ஏறும்வரை காயாது. ஒன்பது மணிக்குப் பிறகு கிளம்புங்கள். வளையச் சாலை சமதரை அல்ல. இறங்கி ஏறி, இறங்கி ஏறியே போகும். அந்தச் சின்னச் சின்ன இறக்கங்கள்தான் மறுநாளுக்கான ஒத்திகை: வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடி, வளைவுக்குள் விடு, நேர்ச்சாலையில் நிமிர்ந்து உட்கார்ந்து காற்றை மார்பில் வாங்கு. தெம்பு மிச்சமிருந்தால் 1,623 மீட்டர் உயரத்திலிருக்கும் சேர்வராயன் கோயிலுக்கும் ஏறலாம், பையை அறையில் விட்டுவிட்டு.

மூன்றாம் நாள் இறங்கும்போது, பனி விலகியபின் கிளம்பி, நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மை ஆறவிடுங்கள். சூட்டைச் சோதிக்க விரலால் தொடாமல், தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுரீர் என்றால் பத்து நிமிடம் நிழலில் உட்காருங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. எதிரே பேருந்து தெரிந்தால் ஒதுங்கி நில்லுங்கள். மேலே காற்றைத் தடுக்கும் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், விரல் விறைத்தால் லீவர் பிடிபடாது. காலையில் மழை பிடித்துக்கொண்டாலோ கட்டை தேய்ந்துவிட்டது என்று பட்டாலோ வீம்பு வேண்டாம். சேலத்துக்குக் காலியாகத் திரும்பும் ‘குட்டி யானை’ சரக்கு வண்டி ஒன்றை விசாரித்து, வாடகை பேசி, சைக்கிளைப் படுக்கப்போட்டுக் கயிற்றால் கட்டி, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்காருங்கள்.