துண்டு என்ற சின்னக் கடதாசி



நம் பாட்டன், பூட்டன் காலத்தில் ஆட்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது 'துண்டு' என்ற ஒரு கடதாசி. இந்தியாவிலிருந்து வந்த வழிச்செலவு, முன்பணம் எல்லாம் கங்காணி கணக்கில் கடனாக ஏறும். கடனைக் கட்டினால் ஆட்களை விடலாம் என்று துரை எழுதிக் கொடுப்பதே துண்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது.

கணக்கை எழுதியவர் ஒருவர், கடன்பட்டவர் வேறொருவர். வாசிக்கத் தெரியாதவருக்குச் சொன்னதுதான் கணக்கு. அதிகாரம் அங்கேதான் இருந்தது.

1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. ஆனாலும் சட்டப்படி கேட்க ஆள் சேர வேண்டியிருந்தது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார்.

இன்றைக்கும் நம்ம கணக்கு கடதாசியில்தான் இருக்குது. ஊழியர் சேமலாப நிதிக்கு நம்ம சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவாங்க. நிர்வாகம் தன் பங்காக 12 வீதம் கட்ட வேணும். மாதாமாதம் சம்பளச் சிட்டையைப் பாருங்க. பேரும் அங்கத்துவ இலக்கமும் சரிதானா? வாசிக்கக் கஷ்டமென்றால் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்க. பிழை இருந்தால் சிட்டையோடு சங்கத் தலைவரிடம் சொல்லுங்க. பேராதனைப் பக்கத்து ஆட்கள் கண்டியிலுள்ள தொழில் அலுவலகத்திலும் முறையிடலாம். சிட்டைகளைப் பத்திரமாக வையுங்க.