கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடி வளர்த்தலும் பசளையிடுதலும்

வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்போருள் பலர் அதில் நீர்ச்செடிகளை நட்டுப் பார்க்கின்றனர். சில வாரங்களில் இலைகள் மஞ்சளாகின்றன. கண்ணாடியிற் பாசி படர்கின்றது. பசளை போதாதென்று எண்ணி வயலுக்கு வாங்கியதில் ஒரு பிடியை அள்ளிப் போடுகின்றனர். மறுநாட் காலையில் மீன்கள் மிதக்கின்றன. அதன்பின் தொட்டி கோழிக்குத் தீனி வைக்கும் பாத்திரமாகி விடுகின்றது.

நெல்வயலின் சேற்றில் நின்று பழகிய கமக்காரருக்கு இத்தொழில் புதியதன்று. நீர் தேங்கிய மண்ணில் வேர் எவ்வாறு உணவெடுக்கின்றது என்பதை அவர் அனுபவத்தால் அறிவார். தொட்டி என்பது நான்கு புறமும் கண்ணாடியால் வரம்பு கட்டிய ஒரு சிறு வயலேயாகும். ஆயின் வயலுக்கு வாய்க்காலும் வடிகாலும் உண்டு. தொட்டிக்கு இரண்டும் இல்லை. இட்ட பசளையிற் செடி எடுத்தது போக எஞ்சியது எங்கும் செல்வதில்லை. இதனை மறப்பதாலேயே தொட்டியில் நேரும் கேடுகளிற் பெரும்பாலானவை உண்டாகின்றன.

ஏற்ற செடிகள்

தொட்டிக்குரிய செடிகளைத் தேடிப் பிறநாடு செல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய வீடுகளில் தொட்டிகளை அழகுசெய்யும் கிரிப்டோகோரைன் இனங்கள் பல இலங்கைக்கே உரியவை. சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த இவை நிழலான ஓடைகளில் வளர்வன. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவைற்றிசின் பெயரை இவற்றுள் ஓரினம் 1857 முதல் தாங்கி நிற்கின்றது. இன்று தொட்டிகளிற் பெரிதும் காணப்படும் வெண்டி என்னும் இனத்துக்கு 1958 இலே பெயரிடப்பட்டது. குறைந்த ஒளியிலும் வளர்வதாலும், பதுளையின் வெப்பநிலை ஒத்துவருவதாலும், புதிதாகத் தொடங்குவோருக்கு வெண்டியே சிறந்தது. பண்டாரவளை, வெலிமடை போன்ற குளிர்ந்த இடங்களில் வளர்ச்சி சற்று மெதுவாகும்.

குளங்களில் வளரும் கொட்டியின் அலைபோன்ற இலையுடைய இனமும் தொட்டிக்கு ஏற்றது. சிங்கள மக்கள் கெக்கட்டிய என அழைத்துக் கறிக்குப் பயன்படுத்துவது இதுவே. வயலிற் களையென்று பிடுங்கி வரம்பில் எறியப்படும் ரொட்டாலாவும், வரம்போரத்து நீர்ப்பிரமியும் தொட்டியில் மதிப்புள்ள செடிகளாகின்றன. இவ்விரண்டும் விரைந்து வளர்ந்து நீரிலுள்ள மிகையான சத்தை உறிஞ்சுவதால், புதிய தொட்டியில் இவற்றை நெருக்கமாக நடுதல் நன்று.

கிரிப்டோகோரைன் இனங்களை ஓடைகளிலிருந்து பிடுங்கி வருதல் கூடாது. அவற்றுட் பல அழியும் அபாயத்தில் உள்ளவை. பெருக்கி விற்போரிடம் இரண்டு மூன்று செடி பெற்றாற் போதும். அவை மண்ணுக்குள் ஓடி ஓடிக் கன்று ஈனும். நட்ட சில நாளில் இலை முழுதும் கூழாய்க் கரைந்து போவதுண்டு. இது நோயன்று; இடம் மாறியதன் விளைவேயாகும். வேரைத் தோண்டாது விட்டால் புதுத் தளிர் வரும்.

அடிமண்

60 சதமமீற்றர் நீளமும் 30 சதமமீற்றர் அகலமும் உயரமும் உடைய தொட்டியில், மண்ணும் மேல் இடைவெளியும் போக, ஏறத்தாழ 45 லீற்றர் நீர் நிற்கும். இதன் அடியில் இரண்டரைச் சதமமீற்றர் கனத்துக்கு வயலின் களிப்பாங்கான மண்ணைப் பரப்பி, அதன்மேல் நன்கு கழுவிய ஆற்றுமணலை நான்கு சதமமீற்றர் இடுதல் வேண்டும்.

மண்ணை மரக்கறிப் பாத்தியிலிருந்து எடுத்தல் ஆகாது. போகந்தோறும் பசளை இட்டுவந்த உருளைக்கிழங்கு, கோவா, லீக்சு நிலங்களிற் பொசுபரசு மிகுந்து கிடப்பது மலைநாட்டில் நன்கு அறியப்பட்டதே. நாசினி எச்சமும் அதில் இருக்கலாம். மாட்டெருவும் வேண்டா. நீருக்கடியில் அது அழுகும்போது ஒட்சிசன் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு எழுந்து வேரைக் கெடுக்கும்.

மண்ணில் நீர் தேங்கிச் சில நாளில் அதிலுள்ள ஒட்சிசன் அற்றுவிடும். அப்போது துருவாய்க் கிடந்த இரும்பு கரையும் நிலைக்கு மாறும், பொசுபரசும் இளகும், அமோனிய நிலையிலுள்ள நைதரசன் களியிற் பற்றி நிற்கும். வயலில் நைதரசன் பசளையை நீரின்மேல் விசிறாது சேற்றுக்குள் புதைத்தால் இழப்புக் குறைவதன் காரணம் இதுவே. தொட்டியிலும் வேரால் உண்ணும் கிரிப்டோகோரைனுக்கும் கொட்டிக்கும் பசளையின் இடம் மண்ணே. மெல்லக் கரையும் கலப்புப் பசளைக் குறுணி இரண்டு மூன்றைக் களிமண்ணில் வைத்து உருட்டிக் காயவைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை செடியின் அடியில் ஆழப் புதைத்தாற் போதுமானது.

நீரில் இடும் பசளை

யூரியாவையும் அமோனியம் சல்பேற்றையும் மீனுள்ள தொட்டியின் நீரில் ஒருபோதும் இடலாகாது. ஒரு தேக்கரண்டி யூரியா ஏறத்தாழ 4 கிராம் இருக்கும். அது 45 லீற்றர் நீரில் லீற்றருக்கு 40 மில்லிகிராம் நைதரசனைச் சேர்க்கும். யூரியா சிதைந்து அமோனியாவாகும். அமோனியா வாயுநிலையில் லீற்றருக்கு ஒரு மில்லிகிராமின் சிறு பகுதி இருந்தாலே மீனின் செவுள் புண்ணாகும். பகலிற் பாசியும் செடியும் காபனீரொட்சைட்டை உறிஞ்ச நீரின் காரத்தன்மை ஏறுவதால் இந்நஞ்சு மேலும் கடுமையாகும். வயலிலே இதே மாற்றத்தால் யூரியாவின் நைதரசன் வாயுவாய்க் காற்றிற் பறந்து போகின்றது; கமக்காரருக்கு நட்டம் பணத்தில். தொட்டியிலோ நட்டம் உயிரில்.

பொலித்தீன் கூடாரங்களிற் குடைமிளகாய் செய்வோர் பயன்படுத்தும் பொற்றாசியம் நைத்திரேற்று இதற்குத் தகுந்தது. அதில் 10 கிராமை அரை லீற்றர் நீரிற் கரைத்து வைத்துக்கொண்டு, மேற்கூறிய அளவான தொட்டிக்கு வாரம் இருமுறை 10 மில்லிலீற்றர் வீதம் விடலாம். மீன் அதிகமுள்ள தொட்டிக்கு இதுவும் தேவைப்படாது. மீனுக்கு இடும் தீனியே கழிவாகி நைதரசனையும் பொசுபரசையும் தந்துவிடும். கடையிற் கிடைக்கும் வேறு கரைசற் பசளைகளை வாங்கும்போது பொதியின் விபரத்தைப் படித்து, யூரியாவோ அமோனியமோ கலந்திருப்பின் தவிர்த்தல் வேண்டும்.

குறை எதுவென்பதை இலையே காட்டும். முதிர்ந்த இலை முழுதும் வெளிறினால் நைதரசன் குறைவு. முதிர்ந்த இலையின் ஓரம் மஞ்சளாகி ஊசித்துளைகள் தோன்றினாற் பொற்றாசியம் குறைவு. இளந்தளிர் வெளிறி நரம்பு மாத்திரம் பச்சையாக நின்றால் இரும்பு குறைவு. இதற்கு அன்னபேதி பயன்படாது, அது நீரில் விரைவிற் படிந்துவிடும். கீலேற்று இரும்பெனப்படும் வகையையே சிறிதளவு இடவேண்டும். தேயிலை நாட்டு ஊற்றுநீர் பெரும்பாலும் மென்மையானது. தோட்டங்களில் இடப்படும் தொலமைற்றுத் தூளில் ஒரு தேக்கரண்டியைத் தொடக்கத்தில் அடிமண்ணுடன் கலந்தாற் கல்சியமும் மகனீசியமும் மெல்லக் கிடைக்கும்.

ஒளியும் பாசியும்

பசளையின் அளவை நிர்ணயிப்பது ஒளியே. ஒளி மிகுந்தாற் செடி மிகுதியாக உண்ணும். ஒளி குறைந்த தொட்டியில் இட்ட பசளை வீணாக நிற்கும். விளக்கை நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணிநேரம் எரியவிட்டாற் போதும். நேர்வெயில் படும் சன்னலருகே தொட்டி வைத்தல் பாசிக்கு விருந்து வைப்பதாகும். பாசி கண்டவுடன் ஒளியை ஆறு மணிநேரமாகக் குறைத்து, படர்ந்ததைக் கையால் எடுத்து, பசளையை நிறுத்தி, நீரை மாற்றுதல் வேண்டும். வயலின் வாய்க்காலிற் பாசி அகற்ற மயிற்றுத்தத்தைத் துணியிற் கட்டிப் போடும் பழைய முறையைத் தொட்டியிற் கையாளலாகாது. செம்பு மீனுக்கு நஞ்சு.

இதே காரணத்தால் நீரின் மூலத்தையும் கவனித்தல் வேண்டும். 1946 இல் இலங்கையிற் கொப்புள நோய் தோன்றிய காலந்தொட்டுத் தேயிலைக்குச் செம்புப் பூசணநாசினிகள் தெளிக்கப்பட்டு வந்துள்ளன. தெளித்த மலைக்குக் கீழுள்ள பீலியிலிருந்தோ, மழை பெய்து கலங்கிய ஓடையிலிருந்தோ தொட்டிக்கு நீர் எடுத்தலாகாது. களைநாசினி கரைத்த வாளி எத்தனை முறை கழுவினும் இவ்வேலைக்கு உதவாது. நகரக் குழாய்நீராயின் ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் நீங்கிய பின் ஊற்றவேண்டும்.

புதிய தொட்டியிற் செடி நட்டு நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே மீனை விடுதல் நன்று. அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக அத்தனை காலம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றி வந்தால் மிகைப்பசளை தேங்காது. தொட்டிக்கு வடிகால் இல்லையென்ற குறையை இதுவே தீர்க்கின்றது. அகற்றிய நீரை மிளகாய்ச் சாடிக்கும் கீரைப் பாத்திக்கும் ஊற்றலாம்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டு, நவம்பரில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதையும், அடுத்த ஆண்டின் விலையேற்றத்தையும் கண்ட கமக்காரர் ஒரு பிடி பசளையையும் வீணாக்க விரும்பார். தொட்டி நீரைப் பச்சையாக்கும் மிகைப்பசளைக்கும், மரக்கறி நிலத்திலிருந்து மழையோடு உமா ஓயாவிலும் பதுளு ஓயாவிலும் இறங்கி மகாவலியிற் கலக்கும் பசளைக்கும் வேறுபாடில்லை. நிலத்துக்கு எவ்வளவு வேண்டுமென்பதை மண் பரிசோதனையால் அறிந்து இடுவோர் பணத்தையும் ஆற்றையும் ஒருங்கே காப்பர்.

கத்தரித்த செடிகளை ஓடையிலோ குளத்திலோ எறிதல் கூடாது. ஆகாயத்தாமரையை அடக்க 1909 இலேயே தனிக் கட்டளைச் சட்டம் ஆக்க நேர்ந்தது. ஆய்வுக்கென 1939 இற் கொண்டுவரப்பட்ட சல்வீனியா நாட்டின் வயல்களுக்குள்ளும் குளங்களுக்குள்ளும் புகுந்தது. வேண்டாத செடிகளை வெயிலில் நன்கு காயவைத்து, கூட்டெருக் குழியில் இடவேண்டும்.