சதை பிடிக்காத வம்சமா?

சுங்கை பட்டாணியில் நான் இயன்முறை சிகிச்சை அளிக்கும் அறையில் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள்: "நம்ம உடல்வாகுக்கு வெய்ட் தூக்கினா ஒன்னும் ஏறாதுங்க. பரம்பரையே அப்படி." பீடோங் தோட்டத்துப் பாட்டி சொன்னால் பொறுத்துக்கொள்வேன். மாதாமாதம் கட்டணம் வாங்கும் ஜிம் பயிற்சியாளரே இப்படிச் சொன்னதாக ஒரு பையன் வந்து சொன்னபோது பொறுமை போய்விட்டது.

ஆளுக்கு ஆள் பலன் வேறுபடும் என்பது உண்மைதான். 2005இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 585 ஆண்களும் பெண்களும் 12 வாரம் ஒரு கைக்கு மட்டும் ஒரே பயிற்சியைச் செய்தார்கள். தசை அளவில் ஏற்பட்ட மாற்றம் 2 சதவீதக் குறைவிலிருந்து 59 சதவீத ஏற்றம் வரை இருந்தது. வலிமை சிலருக்குக் கூடவே இல்லை. சிலருக்கு 250 சதவீதம் வரை கூடியது. தசை இழையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மூல செல்கள் சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு. பிறவி வித்தியாசம் இதுபோல் பல உண்டு.

அதனால் "எனக்குப் பலிக்காது" என்று எப்படி முடிவு கட்டலாம்? நெதர்லாந்தில் 110 முதியவர்களை வைத்துச் செய்த எடைப்பயிற்சி ஆய்வு 2015இல் வந்தது. தசை, கால் பலம், நாற்காலியிலிருந்து எழும் வேகம் என்று பலவற்றை அளந்தார்கள். எதிலுமே பலன் பெறாதவர் என்று யாரையும் காட்ட முடியவில்லை. 12 வாரத்தில் நகராதது 24 வாரத்தில் பலருக்கு நகர்ந்தது. இங்கே ஆறு வாரத்தில் கண்ணாடி முன் நின்று சட்டைக் கையை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு பழகுவதால் வருவது. அது கண்ணாடியில் தெரியாது.

பாடாங் செராயிலிருந்து அண்ணனும் தம்பியும் வந்தார்கள். ஒரே ஜிம், ஒரே மூன்று மாதம். அண்ணனுக்குத் தோள் திரண்டிருந்தது, தம்பிக்கு இல்லை. தம்பியின் கைப்பேசியில் குறித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். முதல் வாரம் தூக்கிய 10 கிலோவைத்தான் பன்னிரண்டாவது வாரமும் தூக்கியிருக்கிறார். கூலிம் தொழிற்சாலையில் 12 மணி நேர இரவு ஷிப்ட். காலையில் தே தாரிக், ரொட்டி சானாய், பிறகு நாலு மணி நேரத் தூக்கம். "தம்பி, இதுல பரம்பரை எங்க வந்துச்சு?" என்று கேட்டேன். எடையைப் படிப்படியாகக் கூட்டாவிட்டால் உடம்பு எதற்காகத் தசை சேர்க்கும்?

வம்சம் என்கிறார்களே, அவர்கள் பாட்டி யார்? விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், ரப்பர் பால் வெட்டி, தோளில் காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்க மேடேறியவர். நம்மவர் உடம்பில் தசை சற்றுக் குறைவு, கொழுப்பு சற்று அதிகம் என்பது சரி. புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கின் குழு பிறந்த குழந்தைகளிடமே அதைக் கண்டது. அது நாம் தொடங்கும் இடம் மட்டுமே. குறைவாக வைத்திருப்பவன்தான் முதலில் சேர்க்க வேண்டும்.

இப்படி வேறு பேச்சுகளும் உண்டு. பெண்கள் எடை தூக்கினால் ஆண் மாதிரி ஆகிவிடுவார்களாம். ஆகமாட்டார்கள். வியர்வை கொட்டினால்தான் பயனாம். இல்லை, வியர்வை வெயிலுக்கும் வரும். புரத மாவு டின் இல்லாமல் முடியாதாம். முட்டையும் தெம்பேயும் நெத்திலியும் பருப்பும் இருக்கும் வீட்டுக்கு டின் எதற்கு?

வயதாகிவிட்டது என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990இல் பாஸ்டனில் சராசரி 90 வயதான பத்துப் பேர் எட்டு வாரக் கால் எடைப்பயிற்சியைத் தொடங்கினார்கள். முடித்த ஒன்பது பேருக்குப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது.

இதை நான் விடாமல் பேசக் காரணம் இனிப்பு நீர் நோய். 2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு அது இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பங்கை வாங்கிக்கொள்வது தசை. தசை சேர்க்கலாம் என்றால், ஐம்பது தாண்டிய நம் பெண்களுக்கு ஜிம்முக்குப் போகக் கூச்சம். தோட்டத்துக்குத் தோட்டம் கோயில் மண்டபம் இருக்கிறது, கல்யாணம் இல்லாத நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. கமிட்டிக்காரர்கள் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஒரு மணி நேரம் திறந்து விடட்டும். பத்து நாற்காலி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல் இரண்டு போதும். சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன்.