குழல்வாயில் பிறக்கும் வேகம்

துப்பாக்கிக் குண்டின் வேகத்தை நம்பத்தக்க வகையில் முதன்முதலாக அளந்து காட்டிய பெருமை பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித நிபுணருக்கு உரியது. கனத்த பலகையொன்றை ஊசலாகத் தொங்கவிட்டு, அதில் குண்டைப் பாய்ச்சி, அது ஆடிய அளவைக் கொண்டு குண்டின் கதியைக் கணிக்கும் முறையை 1742-இல் வெளியான நூலில் விவரித்த அவர், பிற்பாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்து, 1751-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டையில் காலமானார். ஊசலுக்குப் புகையும் வெயிலும் பொருட்டல்ல. ஆனால் தெறித்துத் திரும்பும் ஈயத்துக்கு அஞ்ச வேண்டியிருப்பதால், இன்று அதைப் பொருட்காட்சிக்கு விட்டுவிடுவதே விவேகம்.

அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்து பிரெண்ட்ஷிப் என்னும் சிற்றூரில் கூடும் அன்பர்களைப்போல், குழல்வாய் வழியே கருமருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்துச் சுடுவதையே கலையாகப் பயில்வோருக்கு, வேகமானியைத் தேர்வதில் மற்றத் துப்பாக்கிக்காரர்களுக்கு இல்லாத சங்கடங்கள் மூன்று உண்டு: புகை, குண்டைச் சுற்றி வைத்த எண்ணெய்த் துணி பின்தொடர்ந்து பறப்பது, ஒவ்வொரு முறையும் கை குழல்வாயருகே செல்ல வேண்டியிருப்பது. இவற்றுள் மூன்றாவதே எனக்குப் பிரதானமாகப் படுகிறது.

விலை குறைந்தது ஒளிக்கண் கொண்ட க்ரோனோகிராப். ஏறக்குறைய இரண்டடி இடைவெளியில் உள்ள இரு கண்களின்மேல் குண்டின் நிழல் விழும் நேர வித்தியாசத்தை அது கணிக்கிறது. விநாடிக்கு 1,500 அடி செல்லும் குண்டு அவ்விடைவெளியைக் கடப்பது ஒரு விநாடியில் 750-இல் ஒரு பங்கு நேரத்தில். இத்தனை நுண்ணிய கணக்கில், முந்திவரும் அனலையும் புகையையும் யந்திரம் குண்டென்று எண்ணிவிட்டால் கிடைக்கும் எண் வெறும் கற்பனையே. ஆகையால் அதைக் குழல்வாய்க்குப் பதினைந்து அடி முன்னே நிறுத்தி, குண்டு செல்லத் துவாரமிட்ட ஒட்டுப்பலகை ஒன்றை இடையில் வைப்பது வழக்கம். உருண்டைக் குண்டு காற்றில் விரைவாகத் தளர்வதால், அங்கே காணும் வேகம் குழல்வாய் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. இந்தக் கருவியின் உண்மையான குறை வேறு: அதைச் சரிசெய்ய ஒருவர் துப்பாக்கிக்கு முன்னே நடக்க வேண்டும். கெட்டித்த துப்பாக்கி ஒன்றேனும் களத்தில் இருக்கையில் அவ்வாறு நடப்பது, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை இன்னும் வைக்கவில்லை என்ற சமாதானத்தோடு நடந்தாலும், அபாயமே.

குழலின் நுனியில் கட்டித் தொங்கவிடும் காந்தக் கருவி மற்ற ரைபிள்களுக்குச் சிறப்பானதுதான். இங்கே அது கெட்டிக்கும் கோலுக்கு இடைஞ்சலாகிறது, பறக்கும் துணியின் அடியையும் வாங்குகிறது. அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

டாப்ளர் ரேடார், பணம் அதிகமாயினும், இவ்வித்தைக்கென்றே பிறந்ததுபோல் அமைந்திருக்கிறது. துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே அமர்ந்து, செல்லும் குண்டின்மேல் பட்டுத் திரும்பும் அலைகளின் மாறுதலைக் கொண்டு அது வேகத்தை அறிவதால், வெளிச்சம் அதற்கு வேண்டியதில்லை. எவரும் முன்னே செல்ல வேண்டியதுமில்லை. சக்கிமுக்கித் துப்பாக்கியானால், தீத்துளை வழியே பக்கவாட்டில் சீறும் அனலுக்கு எதிர்ப்புறத்தில் அதை வைப்பது நலம். மருந்துக் கொம்பையும் கெட்டிக்கும் மேஜையையும் அதனின்று விலக்கிவிட வேண்டும். கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் மருந்தைக் கொட்டாமல், அளவுக் குப்பியில் எடுத்தே கொட்ட வேண்டும், ஏனெனில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் ஒரு பொறி கொம்பு முழுவதையும் வெடிக்கச் செய்துவிடும்.

எந்தக் கருவியை வாங்கினாலும், எண் பெரிதாக வேண்டும் என்ற ஆசை மாத்திரம் கூடாது. துப்பாக்கி செய்தவர் விதித்த உச்ச அளவை மீறுவதும், கருமருந்துக்குப் பதிலாகப் புகையற்ற மருந்தை இடுவதும் குழலைப் பிளந்துவிடும். அடுத்தடுத்த வெடிகளின் வேகங்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகினால், மருந்தைக் கூட்டாமல், துணியின் கனம், குழலில் படிந்த கசடு, கோலை அழுத்தும் பலம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். குண்டு மருந்தின்மேல் இடைவெளியின்றி அமர்ந்ததா என்பதைக் கோலில் இட்ட அடையாளமே காட்டிவிடும். வெடி தவறினால், திரையில் என்ன எண் வந்தது என்று குனிந்து பார்க்காமல், குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு நிமிஷமாவது பொறுத்திருங்கள்.