மூக்கைக் காப்பாற்று, மாலு

செல்ல மாலுக்குட்டி,

நேற்று ராத்திரி உன் அம்மா போன் செய்தாள். நீ டி ஆன்சா காலேஜில் ஓவியம் எடுத்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லையாம். "படிச்சிட்டு என்னடா பண்ணுவா?" என்றாள். "என்னை மாதிரி படத்துக்குச் சட்டம் போட்டுப் பிழைப்பா" என்றேன். பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

கம்யூனிட்டி காலேஜ் என்றாலே நம் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். குப்பர்ட்டினோவில் கேட்கவே வேண்டாம். நீ கண்டுகொள்ளாதே. கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு உன் காலேஜில் ஒரு யூனிட்டுக்கு 31 டாலர். அசோசியேட் பட்டத்துக்கு 90 யூனிட். பெருக்கிப் பார், மூவாயிரத்தைத் தொடாது. பெயிண்டும் பார்க்கிங்கும் தனி. பெரிய தனியார் ஓவியப் பள்ளிகளில் அந்தப் பணம் ஒரு மாசத்துக்குக் காணாது.

கேக்கும் பேஸ்ட்ரியுமாக வரைந்த ஓவியர் வேய்ன் தீபோவை உனக்குத்தான் பிடிக்குமே. அவர் சின்ன வயசில் டிஸ்னியில் வேலை பார்த்தவர், கடைப் பலகைகள் எழுதியவர். 1950களில் சாக்ரமெண்டோ ஜூனியர் காலேஜில் பாடம் நடத்தினார். அது இப்போது கம்யூனிட்டி காலேஜ். 1960இல்தான் யூசி டேவிஸுக்குப் போனார். அந்தக் கேக்குகளின் விளிம்பில் பலகை எழுதிய கை இன்னும் தெரிகிறது என்பது என் கட்சி. ஆனால் உனக்கும் அப்படி வகுப்பெடுக்க ஆசை வந்தால் மாஸ்டர்ஸ் வரை படிக்க வேண்டியிருக்கும், இப்போதே சொல்லிவிட்டேன்.

வேலைகள் இருக்கின்றன. மியூசியத்தில் படம் மாட்டுவது, கேம் கம்பெனி, சினிமாவுக்கு ஸ்டோரிபோர்டு. பூச்சியையும் பறவையையும் விஞ்ஞானிகளுக்காக வரைவதற்கென்றே சர்ட்டிஃபிகேட் படிப்பு உண்டு. குழந்தையில் எறும்பையே மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது பொருந்தும். அனிமேஷன் என்றால் சான் ஹோசே ஸ்டேட். அங்கே போர்ட்ஃபோலியோவும் பார்ப்பார்கள். என் கவலையே அங்கேதான்.

போன மாசம் ஒரு பையன் கடைக்கு வந்தான். கரித்துண்டில் வரைந்த ஒரு கிழவர் முகம். அபாரம்! ஆனால் வரைந்தது நியூஸ்பிரிண்ட் தாளில். ஓரமெல்லாம் பழுத்து, தொட்டால் பொடிகிறது. கரி உதிராமலிருக்க ஃபிக்சடிவ் அடிக்கவில்லை. சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தான். பிரித்து நிமிர்த்தினேன், கிழவரின் மூக்குப் பாதி என் கட்டைவிரலில் வந்துவிட்டது. போட்டோ எடுத்திருக்கிறாயா என்றால் இல்லை. எப்போது வரைந்தாய் என்றால் முழிக்கிறான். திறமைக்குக் குறைவில்லை, காட்டுவதற்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆகவே, தூங்குமூஞ்சி, கேள். வகுப்பு முடிந்த அன்றைக்கே ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் போட்டோ எடு. பின்னால் மெல்லிய பென்சிலில் பெயர், தேதி, எதில் வரைந்தாய் என்று எழுது. பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். நல்ல படம் என்று தோன்றினால் ஆசிட் இல்லாத தாளில் இன்னொருதரம் வரை. சுருட்டாதே. கட்டிலுக்கு அடியில் தட்டையாக வை. அம்மா அங்கே அரிசி மூட்டை வைத்திருந்தால் என் பெயரைச் சொல்லி நகர்த்து. வகுப்பில் படங்களை அலசும் கிரிட்டிக் அன்று லேட்டாகப் போகாதே. உன் படத்தைப் பற்றி அடுத்தவர் சொல்வதை வாயை மூடிக்கொண்டு எழுதிக்கொள். உனக்கு அது கஷ்டம், தெரியும். கவுன்சிலரை முதல் குவார்ட்டரிலேயே பார். எந்த வகுப்பு எந்த யூனிவர்சிட்டிக்குச் செல்லும் என்பதை அசிஸ்ட் தளத்தில் நீயும் ஒருமுறை சரிபார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வா. வெட்டி மிஞ்சிய மேட் போர்டு ஒரு பெட்டி நிறையக் கிடக்கிறது, எல்லாம் உனக்குத்தான். வரும்போது அம்மாவிடம் கேட்டு வடுமாங்காய் கொஞ்சம் கொண்டுவா. கோபத்தில் தரமாட்டேன் என்றால், நீயே எடுத்துக்கொண்டு வந்துவிடு.

உன்
மாமா