புள் காத்த ஊரார்

தொண்டை நாட்டை ஏரி நாடு என்றே கூறலாம். அந்நாட்டுப் பாலாறு ஆண்டின் பெரும்பகுதியில் மணலாறாகவே கிடக்கும். ஆதலின், அங்கு வாழ்ந்த முன்னோர் ஊர்தோறும் கரையெழுப்பி மழைநீரைத் தேக்கி உழவு செய்தனர். அவ்வாறு தேக்கிய நீர்நிலைகளுள் பெரியதனை ஏரி என்றும் சிறியதனைத் தாங்கல் என்றும் வழங்கினர். வேடன் தாங்கல் என்னும் இரு சொற்கள் புணர்ந்து வேடந்தாங்கல் என நிற்கும். வேடர் தங்கிய இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பாரும் உளர். பெயரில் வேடனை வைத்துக்கொண்டு செயலில் புள்ளினத்தைக் காத்த ஊர் இது.

செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்திற்கு அணித்தாய், சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூர் உளது. இதன் ஏரி பெரிதன்று. பரப்பு ஏறக்குறைய 30 எக்டேர். அஃதாவது 74 ஏக்கர் அளவே. ஏரியின் அகத்தே நீர்க்கடம்பு மரங்கள் தோப்பாய் வளர்ந்துள்ளன. ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் அம்மரங்கள் இடையளவு நீரில் நிற்கும். அவ்வாறு நிற்பதே அவற்றின் சிறப்பு. நரியும் காட்டுப்பூனையும் நீரைக் கடந்து மரமேறி முட்டைகளைக் கவர்தல் அரிது. பறவைகள் இதனை நன்கு அறிந்தனவோ என்னுமாறு, நீர் நிரம்பிய ஆண்டில் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டுகின்றன. மழை பொய்த்த ஆண்டில் வேற்றிடம் நாடுகின்றன.

மார்கழி தை மாதங்களில் மாலைப் பொழுதில் அவ்வேரிக் கரைமேல் நிற்பார்க்கு வியத்தகு காட்சி புலனாகும். பகலெல்லாம் வயல்களிலும் பிற ஏரிகளிலும் இரைதேடிய கொக்குகள் வெண்மலர் மாலைபோல் வரிசையாய் மீளும். நீர்க்காகங்கள் கருநிறக் கூட்டமாய் வந்திறங்கும். அதே வேளையில் வக்கா என்னும் இராக்கொக்கு, பிற பறவைகள் உறங்கப் புகுங்காலையில், தான் இரைதேடப் புறப்படும். ஒரே மரத்தில் குடியிருப்பாருள் ஒரு சாரார் பகல் வேலைக்காரர், மற்றொரு சாரார் இரவு வேலைக்காரர் என்று இதனைக் கூறலாம்.

அங்குள்ள பறவைகளுள் நத்தைகுத்தி நாரையைத் தனியே எடுத்துக் கூறல் வேண்டும். இதன் மேலலகும் கீழலகும் நுனியில் பொருந்தி, நடுவில் பொருந்தாது இடைவெளியுற்றுத் தோன்றும். நத்தையை அவ்விடைவெளியில் வைத்துப் பாக்குவெட்டிபோல் நெரிக்கிறது என்று ஒரு காலத்தில் அறிஞர் கருதினர். சூலியன் அக்சுலி போன்ற பேரறிஞரும் அவ்வாறே எண்ணினார். பின்னர் ஆராய்ந்தோர் அக்கருத்தை மறுத்தனர். குஞ்சுப் பருவத்தில் இவ்விடைவெளி இல்லை. வளர வளரவே அது தோன்றுகிறது. இடைவெளி தோன்றாத இளம் நாரைகளும் நத்தையைத் திறம்படத் தின்கின்றன. கூரிய அலகு நுனியே ஓட்டினுள் புகுந்து தசையை வெளிக்கொணர்கிறது. பெரியோர் கூறினர் என்பதனால் மட்டும் ஒன்றனைக் கொள்ளாது, கண்ணால் கண்டு துணிதலே இக்கலையின் முதற்பாடம் என்க. நெற்பயிரைத் தின்னும் நத்தைகளை இந்நாரை உண்பதால் உழவர்க்கு இது கூலி கேளாத காவலாளியும் ஆகிறது. கடும் வெயிலில் தாய்நாரை கூட்டின்மேல் சிறகை விரித்து நின்று குஞ்சுகளுக்கு நிழல் செய்வது காணத்தக்கது.

பாம்புத்தாரா நீருள் உடல் முழுதும் மறைத்து, நீண்ட கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். பாம்பு நீந்துகிறதோ என மயங்குவோம். ஈட்டி போன்ற அலகால் மீனைக் குத்தி, மேலே எறிந்து, தலைப்புறமாக விழுங்கும். இதன் இறகுகள் நீரை ஒட்டவிடாத தன்மை உடையன அல்ல. எனவே, குளித்தெழுந்தோர் ஆடையைக் காயவைத்தல் போன்று, சிறகிரண்டையும் விரித்துக் கிளையில் நெடுநேரம் வீற்றிருக்கும். கரண்டிவாயன் தன் தட்டையான அலகை நீரில் இப்புறமும் அப்புறமும் வீசி, அரிவாள் வீசுவான்போல் நடந்துசெல்லும். கூழைக்கடாவின் கீழலகில் தொங்கும் பை நீரைச் சேமித்து வைக்கும் கலம் அன்று. மீனை அள்ளும் வலை. அள்ளியதும் நீரை வடித்துவிட்டு மீனை மட்டும் விழுங்கும். அதன் குஞ்சுகள் தாயின் வாய்க்குள் தலையை நுழைத்து உணவு கொள்ளும்.

வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகள் யாவும் கடல் கடந்து வருவன என்று பலர் கூறக் கேட்டிருப்போம். அது பொருந்தாது. அங்குக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரை, கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா முதலியன இந்நாட்டுப் பறவைகளே. நீர்வளம் நோக்கி ஓரிடம் விட்டு ஓரிடம் செல்வன அவை. வடக்கே பனி மூடும் நாடுகளிலிருந்து வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான் முதலியன வேறு. அவை இங்குக் கூடு கட்டா. குளிர்காலத்தை இங்கே கழித்து, இளவேனிலில் தம் தாயகத்திற்கு மீண்டு அங்கே குஞ்சு பொரிக்கும்.

ஆசிரியனாய் இருந்த காலத்தில் சத்திமுத்தப் புலவரின் நாரைவிடு தூதைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம், “ஐயா, நாரை உண்மையிலேயே தெற்கே வந்து வடக்கே மீளுமோ? அது புலவர் கற்பனையன்றோ?” என்று மாணவரில் எவரேனும் ஒருவர் கேட்பதுண்டு. செங்கால் நாரை குளிர்காலத்தில் பாரத நாட்டிற்கு வலசை வருவதே. அப்புலவர் நாரையின் அலகைப் பனங்கிழங்கோடு ஒப்பிட்டதும், அதன் செலவை நாடு முழுதும் அளந்து கூறியதும், கண்ணாரக் கண்டவர்க்கே இயலும். ஐரோப்பியரோ, குளிர்காலத்தில் தகைவிலான்கள் போன்ற சிறு பறவைகள் குளத்துச் சேற்றில் புதைந்து உறங்குகின்றன என்று நெடுங்காலம் நம்பினர். 1822-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டில் ஒரு நாரை கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி தைத்த நிலையில் வந்து சேர்ந்தது. அதன் பின்னரே நாரை எங்குச் சென்று மீள்கிறது என்பதற்கு அவர்கட்குக் கண்கூடான சான்று கிடைத்தது. அந்நாரையின் உடலை ரோசுடாக்குப் பல்கலைக்கழகத்தில் பாதுகாத்து வைத்துள்ளனர். இக்காலத்தில் பறவையின் காலில் எண் பொறித்த சிறு வளையம் இட்டு விடுத்து, அது சென்று சேரும் இடத்தை அறிகின்றனர். நம் நாட்டில் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இப்பணியைப் பல்லாண்டுகள் செய்துள்ளனர். அக்கழகத்தோடு வாழ்நாள் முழுதும் தொடர்புடையவர் சாலிம் அலி. 1896-இல் பிறந்து 1987-இல் மறைந்த அவர், 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் எண்ணற்றோரைப் பறவை நோக்குவோர் ஆக்கிற்று. சிறுவனாய் இருந்தபோது தாம் சுட்ட ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, அஃது என்ன குருவி என்று கேட்க அக்கழகத்தின் வாயிலை மிதித்ததே அவர் வாழ்வின் திருப்பம்.

இனி வேடந்தாங்கலின் வரலாற்றிற்கு வருவோம். நீரின்மேல் ஆயிரக்கணக்கான பறவைகள் குடியிருப்பதால் அவற்றின் எச்சம் இரவும் பகலும் ஏரியில் விழுகிறது. எச்சத்தில் பயிருக்கு ஊட்டமாகும் சத்துகள் மிகுதி. அந்நீர் மதகு வழியே வயலிற் பாயும்போது நீரும் எருவும் ஒருங்கே பாய்கின்றன. இதனை வேதியியல் நூல் கற்று அவ்வூரார் அறிந்தாரல்லர். தம் களத்து நெல்லை அளந்து அறிந்தனர். ஆகவே, பறவைக்குத் தீங்கு செய்வது தம் வயலுக்குத் தீங்கு செய்வதாகும் எனக் கொண்டு வழிவழியாகக் காத்து வந்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் அங்கு வந்து பறவைகளைச் சுடத் தொடங்கினர். துப்பாக்கி ஏந்தியோரை ஏர் பிடித்தோர் எவ்வாறு தடுப்பர்? ஆட்சி செய்வோன் வேற்று நாட்டான். அவன் படைமேலேயே அவனிடம் முறையிடல் வேண்டும். ஆயினும் அவ்வூரார் அஞ்சிற்றிலர். கலெக்டர் லயனல் பிளேசு என்பாரிடம் சென்று வழக்குரைத்தனர். 1798-ஆம் ஆண்டில் அவர், அவ்வேரியில் எவரும் பறவைகளைச் சுடலாகாது என்றும், காக்கும் உரிமை ஊரார்க்கு உண்டு என்றும் கவுல் ஒன்று எழுதித் தந்தார். கவுல் என்பது அக்காலத்து அரசினர் வழங்கிய உறுதிப் பத்திரம். அஃது 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. உலகின் பிற பகுதிகளில் பறவைக் காப்பகம் என்னும் எண்ணமே பரவாத காலத்தில் இஃது நிகழ்ந்தது என்பதை நினைவிற் கொள்க.

இதனோடு ஒப்பிட்டுக் காணத்தக்கது இராசபுத்தானத்துப் பரத்பூர். அங்கு அரசர்கள் நீர்நிலை அமைத்து வாத்துகளை வரவழைத்தது வேட்டையாடும் பொருட்டே. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் வைசிராய் லின்லித்கோவின் குழுவினர் ஒரே பகலில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. அவ்வெண்ணை மறைக்கவில்லை, பெருமையெனக் கல்லிற் பொறித்தனர். பின்னர் அவ்விடமும் காப்பகமாயிற்று. ஆயினும் அங்குக் குளிர்காலந்தோறும் வந்த சைபீரியப் பெருங்கொக்கு, வரும் வழியில் வேட்டையாலும் நீர்நிலைகளின் அழிவாலும் குறைந்து குறைந்து, 2002-ஆம் ஆண்டிற்குப் பின் வரவே இல்லை.

கூழைக்கடாவின் வரலாறும் அத்தகையதே. பருமா நாட்டுச் சிட்டாங் ஆற்றங்கரைக் காட்டில் அவை இலக்கக்கணக்கில் கூடு கட்டியிருந்ததை ஓட்சு என்னும் ஆங்கிலேயர் 1877-இல் கண்டு எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வருமுன் அப்பெருங் குடியிருப்பு முற்றும் ஒழிந்தது. அதே பறவை திருநெல்வேலிச் சீமைக் கூந்தன்குளத்தில், ஊர் நடுவே, வீட்டுக் கொல்லைப் புளியமரங்களிலும் வேலமரங்களிலும் கூடு கட்டி வாழ்கிறது. பெருங்காட்டில் பிழைக்கவில்லை, மக்கள் நடமாடும் தெருவில் பிழைத்தது! ஊரார் அதனை விருந்தாகக் கருதியதே காரணம். கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து வளர்ப்பாரும் அங்கு உளர். சிவகங்கைச் சீமைக் கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் வெருவும் என்று தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. பட்டாசை விடுத்த அவ்வூர்ச் சிறுவரின் பொறுமையைப் பெரியோர் பொறுமையினும் மேலாகவே யான் மதிப்பேன்.

வேடந்தாங்கல் 1936-இல் காப்பிடமாக ஏற்கப்பட்டது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை உள்ள பகுதி காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஏரியை மட்டும் காத்தல் போதாதோ, ஐந்து கிலோமீட்டர் எதற்கு என்று கேட்கலாம். பறவை உறங்குவது ஏரியில். உண்பதோ சுற்றுவட்டத்து வயலிலும் குட்டையிலும். வீட்டைக் காத்து அடுக்களையை இடிப்பார் உண்டோ? 2020-இல் அவ்வெல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு முன்மொழிவு எழுந்தபோது எதிர்ப்பு வலுத்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை முதலியன இராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. இராம்சார் என்பது ஈரான் நாட்டு ஊர். 1971-இல் பன்னாட்டார் அங்குக் கூடி நீர்நிலைகளைக் காக்க உடன்படிக்கை செய்தனர்.

துப்பாக்கியின் கேடு கண்ணுக்குத் தெரிவது. நஞ்சின் கேடு தெரியாதது. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து நீரிற் கலந்து, நீரிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து பறவைக்கும் ஏறி, ஏறுந்தோறும் செறிவு மிகும். அமெரிக்க நாட்டில் டி.டி.டி. என்னும் மருந்தால் பழுப்புக் கூழைக்கடாவின் முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையாலேயே உடைந்தது. 1972-இல் அம்மருந்தை அந்நாட்டில் தடுத்த பின்னர் அப்பறவைகள் மீண்டும் பெருகின. ஏரியைத் தூர்த்து மனையாக்குதலும், ஆகாயத்தாமரை படர விடுதலும் இவ்வகைக் கேடுகளே.

பறவை நோக்க விரும்புவோர் வேடந்தாங்கலுக்கே செல்லல் வேண்டும் என்பதில்லை. தத்தம் ஊர்க் குளக்கரை போதும். வைகறையிலோ மாலையிலோ செல்க. பச்சை, பழுப்பு போன்ற மங்கிய நிற ஆடையே தக்கது. பேசற்க, கூட்டருகே செல்லற்க, தாய்ப்பறவை அஞ்சி எழுந்தால் முட்டையைக் காகம் கவரும். தொலைநோக்கி இருப்பின் நன்று. இல்லையேல் பொறுமையே தொலைநோக்கி. முதலில் பறவையின் அளவைக் காக்கையோடும் மைனாவோடும் ஒப்பிடுக. அலகின் வடிவு, காலின் நிறம், நடை, பறக்கும்போது கழுத்தை மடக்குகிறதா நீட்டுகிறதா என்பவற்றை நோக்குக. கொக்கு கழுத்தை மடக்கிப் பறக்கும்; நத்தைகுத்தி நாரை நீட்டிப் பறக்கும். கண்டதனை நாள், நேரம், இடம், எண்ணிக்கையோடு குறிப்பேட்டில் எழுதுக. பெயர் தெரியாவிடின் ஊகித்து எழுதாது, ‘அறியப்படாதது’ என்றே குறித்து, உருவை வரைந்து வைக்க. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அதில் பள்ளி மாணவரும் பங்கு கொள்ளலாம். ஒரு குட்டையில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணிய ஏழு கொக்குகளும் மூன்று நீர்க்காகங்களும் அக்கணக்கில் சேரும்.