பொட்டலத்தில் உள்ள பெயர் பாராட்டிலும் இருக்கட்டும்

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்பார்கள். தேயிலைக் கடைக்கு அது பொருந்தாது. பூவின் வாசம் தெருமுனை வரை வரும். தேயிலையின் குணம் கொதித்த நீரில் விழுந்த பிறகே தெரியும். எனவே தேயிலை விற்பவர் தமது சரக்கைப் பற்றித் தாமே பேசித்தான் ஆக வேண்டும். அதில் குற்றமில்லை. யாராக நின்று பேசுகிறோம் என்பதில்தான் வியாபாரத்தின் மானம் இருக்கிறது.

தாமஸ் லிப்டனை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1871இல் சிறு மளிகைக் கடை தொடங்கியவர். கடைக்கு ஆள் சேர்க்கப் பன்றிகளை ஊர்வலம் விட்டார். 1881இல் ராட்சதப் பாலாடைக்கட்டியைக் காட்சிக்கு வைத்தார். 1890இல் இலங்கைக்குச் சென்று, ஹப்புத்தளைப் பகுதியில் தோட்டம் வாங்கினார். தேயிலையை எடை குறையாத பொட்டலங்களில் போட்டுத் தம் பெயரை அச்சிட்டு விற்றார். தோட்டத்திலிருந்து நேரே கெண்டிக்கு என்று அவர் விளம்பரம் செய்ததில் மிகை உண்டு. அவர் விற்ற தேயிலை முழுவதும் அவர் தோட்டத்தில் விளைந்ததல்ல. ஆனால் புகழ்பவர் யார் என்பதை அவர் மறைக்கவில்லை. கேட்பவர் அதற்கேற்பத் தள்ளுபடி செய்து கேட்டுக்கொள்ள முடிந்தது.

இன்று தேநீர்ப் பிரியர்கள் கைப்பேசி வழியே குழுக்களாகக் கூடுகிறார்கள். நீலகிரியின் குளிர்காலத் தேயிலை நல்லதா, டார்ஜிலிங்கின் முதல் பறிப்பு நல்லதா என்று விவாதிக்கிறார்கள். சிறு வியாபாரிக்கு இது நல்ல சந்தை. சபலமும் இங்கேதான். சிலர் வாடிக்கையாளர் போல் நுழைந்து தமது தூளைத் தாமே புகழ்கிறார்கள். சிலர் உறவினரைக் கேள்வி கேட்க வைத்துத் தாமே பதில் சொல்கிறார்கள்.

இது நெடுநாள் நிற்காது. இப்பிரியர்கள் பல கடைகளில் ஐம்பது, நூறு கிராமாக வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைப்பவர்கள். கடையில் ஒருவர் கோபித்தால் ஒருவர் போவார். அங்கே குட்டு வெளிப்பட்டால் ஒரே நாளில் குழு முழுவதும் போகும். அடுத்து வரும் நேர்மையான வியாபாரியையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். நட்டம் நம் எல்லோருக்கும்தான்.

சட்டமும் உண்டு. பயனாளர் கருத்துப் போல் வேடமிட்ட விளம்பரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் தொடர்பிருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டு நெறி. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

எனவே நாம் கைக்கொள்ள வேண்டியவை:

1. முதல் வரியிலேயே, "நான் இந்தக் கடைக்காரர்" என்று சொல்லுங்கள். குழு நடத்துபவரின் அனுமதி பெற்றே விலை எழுதுங்கள்.

2. புகழ்ச்சிக்குப் பதில் விவரம் கொடுங்கள்: எந்தப் பகுதி, எந்தப் பருவப் பறிப்பு, இலையா டஸ்ட்டா, சி.டி.சி.யா ஆர்த்தடாக்ஸா, பொட்டலமிட்ட மாதம் எது. பல தோட்டத்துக் கலவை என்றால் கலவை என்றே சொல்லுங்கள்.

3. மாதிரி கொடுத்தால், இலவசமாகப் பெற்றது என்று எழுதச் சொல்லுங்கள். குறையையும் எழுத விடுங்கள்.

4. நம் கடையில் இல்லாத சரக்கைப் பற்றிக் கேட்டாலும் தெரிந்ததைச் சொல்லுங்கள். விற்காத நேரத்தில் சொல்லும் உண்மைதான் விற்கும் நேரத்தில் நம்பப்படும்.

5. போட்டியாளர் தூளில் சாயம் என்று வதந்தி கிளப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள்.

பொட்டலமிட்டவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், விலை ஆகியவற்றைப் பொட்டலத்தின் மீது அச்சிட வேண்டும் என்று சட்டம் கேட்கிறது; நாமும் அச்சிடுகிறோம். நூறு கிராம் தூளுக்குப் பெயர் போட்டுப் பொறுப்பேற்கும் நாம், அதைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கும் பெயர் போட்டுப் பொறுப்பேற்போம்.